ஏழு மலைக்கு ஒரே அட்டை

1

எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டுப் பையர்களிடமிருந்து மெயில் வருவது நின்றுவிட்டது. ஐரோப்பாக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே கடையைக் கட்டிவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் முந்தாநாள் ஒரு வாழ்த்துப் படம் அனுப்பிவிட்டுக் கிளம்பினார்கள். ஜனவரி முதல் வாரம் முடியும்வரை என்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பனிச்சறுக்கு ஜாக்கெட் தைக்கிற எங்களுக்கு வருஷத்தில் மூச்சுவிடக் கிடைப்பது இந்தப் பத்து நாள்தான். அவர்களெல்லாம் எங்கே போயிருக்கிறார்கள் என்று கேட்டால், நாங்கள் தைத்த ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பனிமலைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருப்பூர்க்காரன், இருப்பது பர்மாவில், யாங்கோனில், வேலை லைங் தாயாவில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில். வந்து இருபத்தெட்டு வருஷமாகிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துக்கொண்டிருந்தவனை ஒரு மூன்று மாதம் போய்வா என்று அனுப்பினார்கள். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. இங்கே எனக்குப் பெயர் ஊ மணி. மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் ஊ போடுவது இந்த ஊர் வழக்கம்.

எங்கள் ஜாக்கெட்டில் இடது கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு குட்டி ஜிப் பாக்கெட் உண்டு. பனிமலையில் லிஃப்ட் ஏற வாங்கும் அட்டையை அதில் போட்டுக்கொள்வார்கள். கையைக் காட்டினால் போதும், கேட் அட்டையைத் தானே படித்துத் திறந்துவிடும். பாக்கெட் சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க என் மேஜை டிராயரில் ஒரு நிஜ அட்டை வைத்திருக்கிறேன். என் மகள் ஸ்டெல்லா அனுப்பியது. அந்த அட்டை எங்கள் லைனில் எத்தனையோ பாக்கெட்டுக்குள் போய் வந்திருக்கிறது. ஆனால் ஒரு கேட்டையும் திறந்ததில்லை.

ஸ்டெல்லா ஒரு வருஷமாக என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நேற்று மதியம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருஷத்தில் ஊர் நண்பர்கள் ஒருவரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பர்மிய மொழி படிக்கத் தெரியாது.

பேசத் தெரியும். சண்டை போடத் தெரியும். மார்க்கெட்டில் மீனுக்குப் பேரம் பேசி, கிழவியைச் சிரிக்கவைத்து, ஒரு மீனைக் கொசுறாக வாங்கிவரத் தெரியும். எழுத்து மட்டும் வரவில்லை. வட்டம் வட்டமாக, எது எங்கே தொடங்குகிறது எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. எண்கள் மட்டும் தெரியும். பர்மிய எண்ணில் தேதி, அளவு, கட்டு நம்பர், அட்டைப்பெட்டி நம்பர் எல்லாம் மளமளவென்று படித்துவிடுவேன். ஃபேக்டரியில் அது போதும். ஒரு தாள் வந்தால் நம்பர்களைப் பார்ப்பேன், மிச்சத்தை ஊகித்துக்கொள்வேன். இரண்டு தேதியும் நடுவில் ஒரு கோடும் இருந்தால் அந்த நாட்களுக்குள் சரக்குப் போக வேண்டும் என்று அர்த்தம். அது தப்பியதே இல்லை. அந்தத் திமிர்தான் எனக்கு.

வீட்டில் ரோஸி இருந்தாள். என் மனைவி இங்கேயே, யாங்கோனில் இன்சீன் பகுதியில் பிறந்தவள். அவள் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் குமாஸ்தா, மிஷன் பள்ளியில் படித்த குடும்பம். தமிழ், பர்மியம், இங்கிலீஷ் மூன்றிலும் அவள் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். கரண்டு பில், வீட்டு ஒப்பந்தம், ஸ்டெல்லாவின் பள்ளிக்கூடக் கடிதம், எது வந்தாலும் ரோஸி சத்தமாகப் படிப்பாள். நான் காப்பியைக் குடித்துக்கொண்டே "ம், ம்" என்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் ஏற்கெனவே படித்துவிட்டு அவள் படிப்பதைச் சரிபார்ப்பதுபோல் இருக்கும். ஸ்டெல்லாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்று ரோஸி அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றுகிறாளாம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு ரோஸி போய்விட்டாள். மூன்று வாரக் காய்ச்சல். அதற்குமேல் எழுத வேண்டாம்.

அவள் போன பிறகு, தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க யாங்கோன் நடுவில் இருக்கும் கியாக்டடாவுக்குப் போகும்போது நடைபாதையில் குடைக்குக் கீழே டைப் அடிக்கிற பெரியவர் ஒருவரிடம் தாள்களைக் கொடுத்துவிடுவேன். கண்ணாடி கொண்டுவர மறந்துவிட்டேன் என்று சொல்வேன். ஆறு வருஷமாகக் கண்ணாடியை மறந்துகொண்டிருக்கிறேன். அவரும் ஒன்றும் கேட்காமல் படித்துக் காட்டுவார்.

3

ஸ்டெல்லா ஜப்பானுக்குப் போனது மொழி படிக்க. பிறகு வடக்கே ஒரு பனிமலை ஊரில் லிஃப்ட் டிக்கெட் கவுன்டரில் வேலை கிடைத்தது. அவளுக்குத் தமிழ் புரியும், பேசுவாள், எழுத வராது. கோபமோ சந்தோஷமோ ஏதாவது பெரிதாகச் சொல்ல வேண்டுமென்றால் பர்மியத்துக்குப் போய்விடுவாள். போனில் தமிழ், மெசேஜில் பர்மியம். எனக்கும் தமிழில் டைப் அடிக்கப் பொறுமை கிடையாது, கட்டைவிரல் படம் ஒன்று போட்டுவிடுவேன். அப்பா படித்துவிட்டார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அவள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் ஏழு மலை. ஏழுக்கும் சேர்த்து ஒரே அட்டை என்று விளம்பரம். ஏழு மலையா, நம்ம பெருமாள் கம்பெனியா என்று கேட்டேன், அவளுக்குப் புரியவில்லை. அட்டையில் ஏழு சிகரமும் அழகாகப் படம் போட்டிருக்கும். ஆனால் பெரிய மலைக்கு வருஷத்துக்கு ஐந்து நாள்தான் போகலாம். அந்த ஐந்து நாளுக்கும் முன்கூட்டியே நெட்டில் பதிவு செய்ய வேண்டும். உச்சிக்குப் போகிற கண்ணாடிப் பெட்டிக்குத் தனிக் கட்டணம். காரை நிறுத்தத் தனிக் கட்டணம், அதற்கும் முன்பதிவு. வரிசையில் நிற்காமல் பக்கத்து வாசலில் நுழைய வேண்டுமானால் அதற்கு இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, வருஷக் கடைசியில் கூட்டம் நெரிகிற நாட்களில் அட்டையே செல்லாது. கறுப்பு நாள் என்பார்கள். அதைவிட விலை கூடின அட்டை வாங்கியவர்களுக்கு மட்டும் கறுப்பு நாள் கிடையாது.

பழனியில் விஞ்சுக்கு ஒரு வரிசை, மேலே போனதும் சிறப்பு தரிசனத்துக்கு ஒரு வரிசை என்று நின்றவன் நான். எனக்கு இது ஒன்றும் ஆச்சரியமில்லை. பழனியில் டிக்கெட் கொடுக்கிறவர் சட்டையை யாரும் பிடிப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வாங்குறப்போ ஒரு பக்கம் படிக்கிறாங்கப்பா," என்று ஒருநாள் சொன்னாள். "கேட்ல வந்து நிக்கிறப்போதான் இருபது பக்கம் இருக்குன்னு தெரியுது. இருபது பக்கத்தையும் நானே எழுதினதா நினைக்கிறாங்க."

நான் சிரித்தேன். எழுதினதைப் படிக்காமல் வருகிறவனுக்கு நன்றாக வேணும் என்றுகூடச் சொன்னேன்.

4

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையிலிருந்தே வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் இந்த ஷிப்மென்ட் போகட்டும், அந்த ஷிப்மென்ட் போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். போன வருஷம் நவம்பரில், ஊருக்கு வந்த அவள் தோழி ஒருத்தி கையில் ஓர் உறை கொடுத்து அனுப்பினாள். உள்ளே அந்த அட்டை. வேலை செய்கிறவர்களின் அப்பா அம்மாவுக்கு இலவசமாகக் கொடுப்பது.

அன்றைக்கே ஒரு நீண்ட மெசேஜும் வந்தது. முழுக்கப் பர்மியம். வழக்கம்போல எண்களைத் தேடினேன். 28/12, ஒரு கோடு, 5/1. கீழே 10, 11. சரி, இந்த அட்டைக்கு 28-இலிருந்து 5 வரை நாள், காலை பத்து, பதினொரு மணிக்கு மலையடிவாரத்துக்கு வரச் சொல்கிறாள். எனக்கு வந்ததே ஒரு சந்தோஷம். பையர்கள் ஊரில் இல்லாத அதே நாட்கள். முதலாளியிடம் தலையைச் சொறியாமல் லீவு கேட்கலாம். அப்பாவின் வேலை தெரிந்த பிள்ளை, பார்த்துப் பார்த்துத் தேதி போட்டிருக்கிறாள் என்று பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அந்த நாட்கள் ஒன்றாக வந்தது தற்செயல் அல்ல. எனக்கு மெயில் அனுப்பாத பத்து நாளும் உலகத்துப் பையர்களெல்லாம் மலையில்தான் இருப்பார்கள். அவர்கள் மலையில் இருப்பதால்தான் அங்கே கூட்டம். கூட்டம் இருப்பதால்தான் இலவச அட்டை செல்லாது. ஜாக்கெட் தைத்தே தலை நரைத்தவனுக்கு இந்தக் கணக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஏஜென்ட் மூலம் விசா. வேலைக் கடிதம் ஒரு தடவை, அதிலே முத்திரை தெளிவாக இல்லை என்று இன்னொரு தடவை. எல்லாம் முடிந்து, திருப்பித் தர முடியாத டிக்கெட்டும் போட்ட பிறகுதான் அவளிடம் சொன்னேன். "அப்பத்தானாப்பா?" என்றாள்.

"அப்பத்தான் கண்ணு. டிக்கெட் போட்டாச்சு."

"சரிப்பா."

சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

5

போய்ச் சேர்ந்த அன்று அவளால் வர முடியவில்லை. போனில் வழி சொன்னாள், பஸ் பிடித்து ஒரு சின்ன விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். நாளைக்கும் நீங்கள் ரூமிலேயே இருங்கள், சாயங்காலம் நான் வருகிறேன் என்றாள். வயசானவன் குளிரில் அலைய வேண்டாமென்று சொல்கிறாள், நாம் போய் நின்று அசத்திவிடலாம் என்று எனக்கு ஆசை.

காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். எங்கள் லைனில் தைத்த சாம்பிள் ஜாக்கெட். இடது கை பாக்கெட்டில் அட்டை. வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியைப் பார்க்கிறேன், அதைக்கூட நின்று பார்க்கவில்லை. நேராகக் கேட்டுக்குப் போய்க் கையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பக் காட்டினேன். திரும்பச் சிவப்பு. எனக்குப் பின்னால் ஐம்பது பேர். ஒரு பையன் பணிவாக என்னை ஓரமாக நிறுத்திக் கவுன்டர் பக்கம் கையைக் காட்டினான்.

கவுன்டரில் நீளமான வரிசை. கடைசியில் போய் நின்றேன். முன்னால் எட்டிப் பார்த்தபோது கண்ணாடிக்குப் பின்னால் ஸ்டெல்லா.

அவள் முன்னால் ஒரு வாட்டசாட்டமான வெளிநாட்டுக்காரர், கூட இரண்டு பிள்ளைகள். அவர் போட்டிருந்தது எங்கள் ஃபேக்டரி ஜாக்கெட், அதற்கு முந்தின வருஷத்து நீலம். தையலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அந்த இடது கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டி நீட்டி இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தார். ஏழு மலை என்று சொல்லித்தானே விற்றீர்கள், குடும்பத்தோடு வந்திருக்கிறேன், இந்த மலை இன்றைக்குக் கிடையாதென்றால் என்ன அர்த்தம், உச்சிக்குத் தனியாக ஏன் கட்ட வேண்டும். ஸ்டெல்லா குனிந்தாள். நிமிர்ந்து ஏதோ சொன்னாள். அவர் இன்னும் சத்தம் போட்டார். மறுபடி குனிந்தாள். என் பெண் எங்களிடம் ஒருநாளும் தலைகுனிந்து பார்த்ததில்லை. எதிர்த்துப் பேசியே வளர்ந்தவள். வரிசை நகர நகர ஏழு தடவை எண்ணினேன், அதற்குமேல் எண்ணவில்லை.

என் முறை வந்தபோது நிமிராமலே ஜப்பானிய மொழியில் வணக்கம் சொல்லிக் குனிந்தாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் காதுவரைக்கும் சிவந்துவிட்டது.

"ரூம்லதானேப்பா இருக்கச் சொன்னேன்," என்றாள், மெதுவாக. "இது இன்னைக்குச் செல்லாது."

காசு கொடுத்து நாள் டிக்கெட் வாங்கித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். பின்னால் இருந்தவர் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார்.

6

சாயங்காலம் கப் நூடுல்ஸ் இரண்டு வாங்கிக்கொண்டு விடுதிக்கு வந்தாள். வெந்நீர் ஊற்றி மூடிவைத்துவிட்டு, "நான் எழுதினதைப் படிச்சீங்களாப்பா?" என்று கேட்டாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பெற்ற பெண்தானே, சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் பகல் முழுக்க மனசு புண்ணாகிக் கிடந்தது, அதற்கு மேலே எழுத்தறியாதவன் என்றும் நிற்க வேண்டுமா என்று ஒரு வீம்பு.

"படிச்சேன் கண்ணு. அப்பத்தான் லீவு கெடைச்சுது. என்ன பண்ணச் சொல்றே?"

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளிவைத்து, "சாப்பிடுங்க" என்றாள்.

எட்டு நாள் இருந்தேன். தினம் சாயங்காலம் அரைமணி நேரம் வருவாள். என்ன சாப்பிட்டீர்கள், குளிர் தாங்குதா என்பதோடு பேச்சு முடியும். ஐந்தாம் தேதி திரும்பிவிட்டேன். வந்த ஐந்தாறு நாளில் பகல் வேளையில் போன் செய்தபோது அறையில் இருந்தாள். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். இரண்டு நாள் லீவு என்றாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் அங்கே இருந்தபோது போட வேண்டிய லீவைப் போடாமல், திரும்பி வந்த பிறகு அறையில் படுத்துக்கொள்ளப் போட்டிருக்கிறாயா என்று கேட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நீண்ட மெசேஜ் எதுவும் வரவில்லை. மாதாமாதம் எனக்குப் பணம் அனுப்பிய தேதியும் தொகையும், பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம். இந்த வருஷம் முழுக்க அவ்வளவுதான். அவள் சொல்லியும் செல்லாத நாளில் போய் நின்று அவளை வேலையிடத்தில் சங்கடப்படுத்தினேன், அந்தக் கோபம், போகப் போக ஆறிவிடும் என்று இருந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள், வெளியூர் போனால் மாறிவிடுகிறார்கள் என்று சக ஊழியர்களிடம் பெரிய மனுஷன்போலப் பேசிக்கூட இருக்கிறேன்.

7

நேற்று நடந்தது இது. ஜப்பான் பையர் கிளம்புவதற்கு முன் அனுப்பியிருந்த சாம்பிள் குறிப்பில் ஒரு மாற்றம். அடுத்த வருஷத்திலிருந்து கைப்பாக்கெட்டில் இரண்டு அட்டை கொள்ள வேண்டுமாம், நடுவில் ஒரு தடுப்புத் துணியோடு. சாம்பிள் லைன் சூப்பர்வைசர் மா யின், பத்து வருஷமாக என்னோடு வேலை செய்கிறவள், எதற்கு இரண்டு என்று கேட்டாள். ஒன்று கேட்டுக்குப் பக்கத்திலேயே வந்தால் இன்னொன்று குழப்புமே, அப்படியென்றால் எவ்வளவு இடைவெளி விடுவது? நியாயமான கேள்வி. ஸ்டெல்லாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். மதியம் இரண்டு மூன்று அட்டைப் படமும் கொஞ்சம் எழுத்தும் வந்தன. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லி மா யின்னிடம் போனை நீட்டினேன்.

அவள் படித்தாள். ஒரு அட்டை லிஃப்டுக்கு, மற்றது கார் நிறுத்துமிடத்துக்கும் உச்சிப் பெட்டிக்கும், அதற்குத் தனியாகப் பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். இன்னும் ஏதாவது அளவு போட்டிருக்கிறாளா பார் என்றேன். மா யின் விரலால் மேலே தள்ளினாள். ஒரு வருஷத்து மெசேஜ் இரண்டே தள்ளலில் தீர்ந்து, போன வருஷத்து நீண்ட மெசேஜ் வந்து நின்றது. அட்டை என்ற வார்த்தையைப் பார்த்து இதுவும் சேர்ந்தது என்று நினைத்துவிட்டாள். மெஷின்களுக்கு நடுவில் நின்று படிப்பதால் சத்தமாகவே படித்தாள்.

அப்பா, இந்த அட்டை 28-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதிவரை செல்லாது. அந்த நாட்களில் வராதீர்கள். அப்போது காலையிலிருந்து இருட்டும்வரை எல்லாரும் என்னைத் திட்டுவார்கள், நான் குனிந்துகொண்டே நிற்க வேண்டும்.

மா யின்னின் குரல் இறங்கிவிட்டது. நிறுத்தப் பார்த்தாள். படி என்றேன்.

நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம். ஜனவரி 10, 11 வாருங்கள். மூன்று வருஷமாக லீவு எடுக்காமல் இந்த இரண்டு நாளையும் உங்களுக்காக வாங்கி வைத்திருக்கிறேன். உச்சிக்குக் கூட்டிப்போகிறேன். மேலே போய்விட்டால் யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள்.

பக்கத்து மெஷினில் இருந்த பெண் தைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். மா யின் போனை என் கையில் வைத்தாள். கண்ணாடியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பார்க்க வேண்டாம் என்று ஸ்டெல்லா கெஞ்சிக் கேட்ட ஒன்றை, டிக்கெட் போட்டு, விசா எடுத்து, வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். படிச்சேன் என்று வேறு சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டுத்தான் அப்பா வந்தார் என்று ஒரு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள்.

ஃபேக்டரி பஸ் ஏறுவதற்கு முன், கேட்டுக்கு வெளியே நின்று போன் போட்டேன். அவளுக்கு அங்கே வேலை முடிந்திருந்த நேரம். குரலில் களைப்பு. இன்றைக்கு நாள் எப்படி என்று நான் கேட்கவில்லை, இருபத்தேழாம் தேதி, கறுப்பு நாள் நாளைக்குத்தான் ஆரம்பம் என்று எனக்கே தெரியும்.

"ஸ்டெல்லா, போன வருஷம் நீ எழுதினதை நான் படிக்கல கண்ணு. எனக்குப் பர்மா எழுத்துப் படிக்கத் தெரியாது. அம்மாதான் படிச்சுச் சொல்லுவா. நம்பர் மட்டுந்தான் எனக்குத் தெரியும். இன்னைக்குத்தான் மா யின் படிச்சுக் காட்டுனா."

பஸ்காரர் ஹாரன் அடித்தார். அவர் போகட்டும் என்று கையைக் காட்டினேன்.

"அம்மா போனதுலேருந்து எழுதிக்கிட்டே இருந்தேனேப்பா," என்றாள். "ஆறு வருஷம். எதையுமே படிக்கலையா?"

"நம்பர் இருந்தா அதைப் பார்ப்பேன் கண்ணு."

பனியில் யாரோ நடந்துபோகிற சத்தம் போனில் கேட்டது. வெளியே எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.

"நான் நிறைய எழுதுனது நம்பர் இல்லாமத்தான்ப்பா," என்றாள்.